பொருத்து மரவீடு: எங்கே பிசகினால் எதைப் பார்ப்பது

பொருத்து வீடு என்றதும் எங்கள் வன்னிப் பக்கத்தில் பலருக்கு, வடக்கு கிழக்குக்கென 2016இல் பேசப்பட்ட அந்த 65,000 இரும்பு வீட்டுத் திட்டம்தான் நினைவுக்கு வரும். வெக்கை, கறள், நின்று நிலைக்குமா என்ற சந்தேகம் என்று அன்று நடந்த வாக்குவாதமும் கூடவே வரும். இங்கே சொல்லப்போவது அதுவல்ல. பட்டறையில் சட்டம் கூட்டிப் பலகை அறைந்து, பனல் பனலாக, அதாவது சுவர்த் துண்டு துண்டாக, ஏ9 வீதியால் லொறியில் வந்திறங்கி, வளவில் போல்ற் இறுக்கி நிமிர்த்துகிற சின்ன மரவீடு. தோட்டக் காவலுக்கும், கல்வீடு முடியும் மட்டும் குடியிருக்கவும் அளவானது. கணக்குக்காக நெடுஞ்சுவருக்கு நான்கு, குறுஞ்சுவருக்கு மூன்று என்று 4 அடி அகலப் பனல் 14 கொண்ட வீட்டை எடுத்துக்கொள்கிறேன்.

இந்த வீட்டில் குறை கண்ணில் படுகிற இடம் ஒன்று, குறை பிறந்த இடம் இன்னொன்று. கதவு முட்டினால் கதவைச் சீவுகிறோம். பனல் நுழையாவிட்டால் பனலை அரிகிறோம். காரணமோ அநேகமாக அத்திவாரத்தில் இருக்கும், இல்லாவிட்டால் மாதத்தில் இருக்கும். கார்த்திகையில் வீங்குகிற மரம் ஆனியில் ஒடுங்கும். ஆகவே சீவுளியும் வாளும் கடைசியில்தான். முதலில் கையில் வேண்டியவை ரேப், தூக்குக்குண்டு, நைலோன் கயிறு, உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்ரிக் குழாய். மேசன்மார் தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கிற அதே குழாய்தான். கைக்கு அடக்கமான நீர்மட்டக் கட்டையை இரண்டு மூன்று அடிக்கு நம்பலாம், 16 அடிக்கு நம்பக்கூடாது. குழாய்க்குள் காற்றுக்குமிழ் நின்றால் அதுவும் பொய் சொல்லும், பார்த்து வெளியேற்றிவிட்டு வையுங்கள்.

அளவுகளை ஓடாவிமார் (தச்சர்) வழக்கப்படி நூலில் சொல்கிறேன். எட்டு நூல் ஓர் அங்குலம்.

இறக்கி வைத்த பனல் முறுகியிருக்கிறது

மட்டமான தரையில் கிடத்திப் பாருங்கள். ஒரு மூலை இரண்டு நூல் அளவுக்குத் தூக்கி நின்றால் கவலை வேண்டாம், பக்கத்துப் பனலோடு போல்ற் இறுகும்போது அடங்கிவிடும். அதற்கு மேல் என்றால், அந்தப் பனல் எங்கே சாத்தி வைக்கப்பட்டிருந்தது என்று கேளுங்கள். வேப்பமரத்தில் சாத்தி, ஒரு முகம் வெயிலையும் மறுமுகம் நிழலையும் பார்த்து நின்றிருக்கும். வெயில் பட்ட முகம் காய்ந்து ஒடுங்கி, அந்தப் பக்கம் குழியும்.

குழிந்த முகம் நிலத்தைப் பார்க்கக் கவிழ்த்து, மேலே பாரம் வைத்து விடுங்கள். நிலத்து ஈரம் அடிமுகத்துக்கும் வெயில் மேல்முகத்துக்கும் போக, மெல்ல மெல்ல நிமிரும். நிமிர்ந்தபின் எல்லாப் பனலையும் படுக்கையாக அடுக்கி, இடையிடையே ஒரே தடிப்பான சிலாகைத் துண்டுகளை ஒன்றுக்கு மேல் ஒன்று நேராக வரும்படி வையுங்கள். படங்குச் சீலையால் மேலே மட்டும் மூடினால் போதும். நிலம் வரை இழுத்துச் சுற்றினால் உள்ளே வேர்த்து, திறக்கிற அன்று பூஞ்சணம் பிடித்திருக்கும்.

கடைசிப் பனல் நுழையவில்லை, அல்லது மூலையில் இடைவெளி மிஞ்சுகிறது

அடிக்கடி வருகிற குறை இதுதான். ஆளுக்கு ஆள் குற்றம் சாட்டுவதும் இதில்தான். ஓடாவி மேசனைச் சொல்லுவார், மேசன் பட்டறைக்காரரைச் சொல்லுவார்.

நாலு நான்கு பதினாறு என்பது கடதாசிக் கணக்கு. ஒரு சந்தில் காய்ந்த பெயின்ற் கட்டி, இன்னொன்றில் வளைந்த ஆணித்தலை, வேறொன்றில் இரண்டாக மடிந்த றப்பர்ப் பட்டி என்று ஒவ்வொரு சந்தும் ஒரு நூல் தின்றால், நான்கு பனல் கொண்ட சுவரிலேயே மூன்று நூல் போய்விடும். கடைசியில் வருகிறவன் நுழையமாட்டான்.

மூலைக் கணக்கு இதைவிடப் பெரியது. நெடுஞ்சுவர் இரண்டும் முழுநீளம் ஓட, குறுஞ்சுவர்ப் பனல்கள் அவற்றுக்கு நடுவில் உட்காருகின்றன. பனலின் தடிப்பு மூன்றரை அங்குலம் என்றால் வீட்டின் வெளி அகலம் 12 அடி அல்ல, 12 அடி 7 அங்குலம். மேசன் 12க்கு 16 என்று கேட்டுக்கொண்டு அத்திவாரம் போட்டிருப்பார். அந்த அளவுக்கு மூலைக்கு மூலை சரியாக 20 அடி வருவதால் ரேப்பைப் பிடித்ததும் அவருக்குத் திருப்தியாகிவிடும். கணக்கு சரிதான், வேறு வீட்டின் கணக்கு. 12 அடி 7 அங்குலத்துக்கு 16 அடி என்றால் மூலைக்கு மூலை 20 அடி 4¼ அங்குலம் வரவேண்டும்.

பார்க்கிற ஒழுங்கு இது. அடிச்சட்டத்தில் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளவுங்கள்.

இரண்டும் ஒன்றாக இருந்து இடைவெளி மட்டும் குறைந்தோ கூடியோ இருந்தால், குறை சந்துகளில். அந்தச் சுவரின் போல்ற் எல்லாவற்றையும் தளர்த்தி, ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு திரும்ப இறுக்கி வாருங்கள். ஒவ்வொரு சந்தையும் கத்தி முனையால் துப்புரவாக்கிவிட்டு இறுக்குங்கள். இடைவெளி பெரிதென்றால் சுவரின் இரு முனைக்கும் கயிறு கட்டி, நடுவில் தடி கொடுத்து முறுக்கினால் பனல்கள் நெருங்கி வரும்.

இரண்டும் வேறுவேறாக இருந்தால் வீடு சாய்சதுரமாக நிற்கிறது. கூரை ஏறாத மட்டும் இதைத் திருத்துவது சுகம். நீளமான மூலைவிட்டத்தில் அதே முறுக்குக் கயிற்றைக் கட்டி, இரண்டு அளவும் ஒன்றாகும் வரை இழுத்து, மூலைகளில் குறுக்குச் சிலாகை அறைந்து நிறுத்துங்கள். கூரை முடிந்தபின்தான் அந்தச் சிலாகையைக் கழற்றலாம்.

கொங்கிறீற்றே கோணல் என்றால்? கோணலாக இருந்துவிட்டுப் போகட்டும், வீடு அதன் பின்னால் போகக்கூடாது. வீட்டை மூலைமட்டத்துக்கு நிறுத்திவிட்டு, அடிச்சட்டம் வெளியே தொங்குகிற இடத்தில் அடியில் கொங்கிறீற் கூட்டிக் கொடுங்கள். கொங்கிறீற் வெளியே நீண்டு நிற்கிற இடத்துக்கு வைத்தியம் வேறு, அதை மழைப் பகுதியில் சொல்கிறேன்.

பனலை மட்டும் அரியாதீர்கள். ஓரத்து நிற்சட்டத்தில்தான் போல்ற் பிடிக்கிறது. அதில் அரை அங்குலம் அரிந்தால் பிடிமானம் போய்விடும். வேறு வழியே இல்லையென்றால் குறைகிற இடத்துக்குத் தனித்துண்டு செய்து நிரப்புங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், அத்திவாரம் வெட்டும்போது ஒரு விஷயம். மண்வெட்டியில் இனந்தெரியாத இரும்பு ஏதும் தட்டினால் கிண்டிப் பார்க்காமல் ஆட்களை விலக்கிப் பொலிஸுக்கு அறிவியுங்கள். கண்ணிவெடி அகற்றிய காணி என்றாலும் இந்த நிதானம் வேண்டும். வன்னியில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை, ஆனால் வேலைக்கு வருகிற இளந்தாரிகளுக்கு ஒருக்கால் சொல்லி வையுங்கள்.

சுவர் நிற்கிறது, கைமரம் உட்காரவில்லை

சுவரின் மேற்சட்டத்துக்கு நேரே நைலோன் கயிறு இழுத்துக் கட்டிப் பாருங்கள். நடுவில் வெளியே தள்ளியிருக்கும். நீளச்சுவர் இரண்டையும் உள்ளே இழுத்துக் கட்டிவிட்டுக் கைமரத்தை ஏற்றினால் வெட்டு தானாகப் பொருந்தும். கைமரத்தின் வெட்டை ஆழமாக்கித் திருத்தினால் மற்றக் கைமரங்களோடு முகடு மட்டம் பிசகும். மேற்சட்டத்துக்கு மேல் இரண்டாவது சட்டம் ஒன்று ஓடவேண்டும். அதன் சந்து பனல்ச் சந்துக்கு நேரே வரக்கூடாது, பனலின் நடுவில் வரவேண்டும். வீட்டை ஒரே கட்டாகக் கட்டுவது அந்தச் சட்டம்தான். அது இல்லாத வீடுகளில்தான் இந்தக் குறை அதிகம்.

தள்ளினால் வீடு ஆடுகிறது

மேல் மூலையில் தோள் கொடுத்துத் தள்ளிப் பாருங்கள். எப்படி ஆடுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

சுவர் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பினால் சாய்வுச் சட்டம் இல்லை, அல்லது போதாது. படுக்கைவாட்டில் பலகை அறைந்த சுவர் பார்வைக்குத் திடமாக இருக்கும், ஆனால் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்காது. ஒட்டுப்பலகை முழுத் தகடாக அறைந்த சுவர் தாங்கும். மற்றதற்கு மூலையின் அடியிலிருந்து மேற்சட்டம் வரை ஏறத்தாழ 45 பாகையில் சாய்வுச் சட்டம் கொடுங்கள். தகட்டுப் பட்டி பயன்படுத்துவதென்றால் பெருக்கல் குறிபோல் இரண்டு வாட்டத்திலும் வேண்டும். பட்டி இழுவையைத் தாங்கும், தள்ளலில் மடங்கிவிடும்.

வீடு முழுக்க அசைந்து அடியில் டக்கென்று சத்தம் கேட்டால் அத்திவாரப் போல்ற் தளர்ந்திருக்கிறது. மூலையிலிருந்து ஓரடிக்குள் ஒன்று, பிறகு நாலடிக்கு ஒன்று என்று அரை அங்குலப் போல்ற் இருக்கவேண்டும். நட்டுக்கு அடியில் அகலமான சதுர வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன வாஷர் போட்டால் இறுக்க இறுக்க மரத்துக்குள் புதையும், இறுகியதுபோல் தோன்றும், அவ்வளவுதான்.

நன்றாகக் கட்டிய வீட்டிலும் முதல் கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்துக்குப் பிறகு நட்டுகள் சுழலும். மாரியில் இறுக்கியபோது மரம் தடித்திருந்தது, கச்சான் காற்று ஈரத்தை உறிஞ்சியதும் மெலிந்துவிட்டது. ஆவணி மாதத்தில் எல்லா நட்டையும் ஒருமுறை கைபார்த்து இறுக்கினால் போதும். உள்பலகையால் நட்டுகளை மூடி அழகு பார்க்கிறவர்கள் அந்த ஒரு வருஷம் பொறுக்கட்டும்.

வீட்டின் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது

குழாய் மட்டத்தில் நான்கு மூலையையும் பார்த்து எழுதி வையுங்கள். செம்மண் இறுகிய நிலத்தில் இது குறைவு. முருங்கன் பக்கத்துக் கரிய களிமண்ணில் எதிர்பார்க்கவேண்டிய விஷயம். அந்த மண் கோடையில் கால்விரல் போகிற அளவுக்கு வெடிக்கும், மாரியில் ஊதும். அதன்மேல் மெல்லிய கொங்கிறீற் தட்டைப் போட்டு வீடு வைத்தால் வருஷத்துக்கு இரண்டு தரம் வீடு மூச்சுவிடும். அங்கே தூண் அத்திவாரம்தான் நல்லது, வெடிப்பு இறங்குகிற ஆழத்துக்குக் கீழே தூண் உட்காரவேண்டும்.

இறங்கிய வீட்டை நிமிர்த்துவது மரவீட்டில் பெரிய வேலையில்லை. அந்தப் பக்கத்து அத்திவாரப் போல்ற்றுகளைத் தளர்த்தி, அடிச்சட்டத்துக்குக் கீழே தடித்த மரக்கட்டை கொடுத்து, லொறி ஜக்கால் ஒரு தரத்துக்கு ஒன்றிரண்டு நூல் மட்டும் தூக்குங்கள். ஒரு மூலையை ஒரேயடியாகத் தூக்கினால் யன்னல் கண்ணாடி முதலில் போகும். தூக்கிய இடைவெளியில் இரும்புத் தகடோ வைரமான மரத்தின் ஆப்போ வைத்து, மிச்சத்துக்குச் சீமெந்துக் கலவை அடையுங்கள். ஒட்டுப்பலகைத் துண்டை அடியில் வைத்தால் அடுத்த மாரியில் நைந்து பழைய இடத்துக்கே வந்துவிடும். ஆப்புக்கு வைரமரம் வேண்டுமென்று பாலையோ முதிரையோ தேடிக் காட்டுக்குள் இறங்கவேண்டாம், அதற்கு அனுமதிப் பத்திரம் இல்லாமல் கை வைக்க முடியாது. பழைய வீட்டுக் கதவுநிலை உடைத்த துண்டு தாராளமாகப் போதும்.

கதவு பூட்டுப்படவில்லை

ஐப்பசி பிறந்து மழை விழுந்தால் தொலைபேசியும் தொடங்கும்.

“அண்ணை, கதவு முட்டுது. பூட்டேலாமல் கிடக்கு. கொஞ்சம் சீவி விட்டாச் சரிவரும்தானே?”

“எந்தப் பக்கம் முட்டுது தம்பி? மேலையோ, கீழையோ, பக்கமோ?”

“பூட்டுப் பக்கம் முழுக்க இறுகுது.”

“அப்ப சீவாதை. மாசி வரட்டும், பிறகு பாப்பம்.”

பூட்டுப் பக்கம் மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக உரசினால் மரம் தண்ணீர் குடித்திருக்கிறது. மரம் நீளத்தில் அநேகமாக மாறாது, அகலத்தில்தான் மாறும். பலகைகளைப் பக்கத்துக்குப் பக்கம் சேர்த்த 30 அங்குலக் கதவு மாரிக்கும் கோடைக்கும் இடையில் இரண்டு மூன்று நூல் கூடிக் குறையும். சட்டம் பூட்டிய கதவு அதில் பாதிகூட மாறாது. கார்த்திகையில் சீவின கதவைக் கச்சான் காலத்தில் பாருங்கள், பூட்டுநாக்கு நிலையைத் தொடாது, இடைவெளியால் பூனைக்குட்டி எட்டிப் பார்க்கும். மழைக்காலத்தில் செய்யக்கூடியது உரசுகிற விளிம்பில் மெழுகுதிரியைத் தேய்த்துவிடுவதுதான். மாசி பங்குனியில் கதவு நன்றாகக் காய்ந்தபின் கழற்றி, மேல்விளிம்பையும் அடிவிளிம்பையும் பெயின்ற்றால் மூடுங்கள். முகமிரண்டும் மினுங்கும்படி வார்னிஷ் அடித்த கதவில்கூட அடிவிளிம்பு பச்சை மரமாகவே இருக்கும். தண்ணீர் ஏறுகிற வாய் அதுதான்.

மூலையில் மட்டும் முட்டினால் கதை வேறு. கதவைப் பாதி திறந்து, பூட்டுப் பக்கத்தைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். லொடலொடவென்று அசைந்தால் மேல் பிணைச்சல் தளர்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட கதவின் பூட்டுப்பக்கக் கீழ்மூலை படியில் உரசும், மேல்மூலை நிலையின் பக்கத்தில் இடிக்கும். ஸ்குரூவைக் கழற்றி, துளைக்குள் பசை தடவிய வைரமரச் சிராய் அடைத்து, நிலையைத் தாண்டி நிற்சட்டம் வரை போகிற நீள ஸ்குரூவாகப் போடுங்கள்.

பிணைச்சல் இறுக்கமாக இருந்தும் பூட்டுப்பக்க மேல்மூலை, நிலையின் மேல்சட்டத்தில் முட்டினால், வீட்டின் அந்தப் பக்கம் கீழே இறங்கியிருக்கிறது. பிணைச்சல் பக்கம் இறங்கினால் கீழ்மூலை படியில் உரசும். நிலைக்கு மூலைவிட்டம் அளந்தால் சந்தேகம் தீரும். இரண்டு அளவும் வேறென்றால் கதவைத் தொடாமல் மேலே சொன்ன ஜக்கு வேலைக்குப் போங்கள். கதவு தானாகத் திறப்பதும் தானாகச் சாத்துவதும் பிணைச்சல் பக்க நிலை தூக்குக்குண்டுக்கு நிற்கவில்லை என்பதன் அடையாளம்.

யன்னலுக்கும் இதே கதைதான், அதைத் தனியே சொல்ல ஒன்றுமில்லை.

மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது

எங்கே நனைந்திருக்கிறது என்பதைவிட எந்தக் காற்றில் நனைந்தது என்று கேளுங்கள். இங்கே பெருமழை வடகீழ்ப் பருவத்தில், ஐப்பசி முதல் மார்கழி வரை. வாடைக் காற்றோடு சரிந்து அடிப்பதால் வடக்குச் சுவரும் கிழக்குச் சுவரும்தான் அடி வாங்கும். வாசல் கிழக்கே பார்க்கவேண்டும் என்பது வீட்டுக்காரர் விருப்பம், அதில் நான் வாய் வைப்பதில்லை. அப்படியானால் அந்தக் கதவுக்கு மேல் மூன்றடித் தாழ்வாரம் இறக்கியே ஆகவேண்டும்.

ஒழுக்கைத் தேட மழைக்குக் காத்திருக்க வேண்டாம். வெயில் நாளில் ஒருவர் ரோச் லைற்றோடு உள்ளே நிற்க, மற்றவர் வெளியே குழாயால் தண்ணீர் அடிக்கட்டும். அடியிலிருந்து தொடங்கி, ஓரிடத்தில் சில நிமிஷம் அடித்துவிட்டு மெல்ல மேலே போகவேண்டும். மேலே தொடங்கினால் வழிந்து எல்லா இடமும் நனையும், எது வாய் என்று தெரியாது.

தரைக்குப் பக்கத்தில் உள்ளே ஈரம் என்றால், வெளியே போய்க் குந்தியிருந்து அடிச்சட்டத்தைப் பாருங்கள். கொங்கிறீற் சுவரைவிட ஓர் அங்குலம் வெளியே நீண்டு, சின்னத் திண்ணைபோல் நிற்கும். சுவரால் வழிகிற தண்ணீர் அதில் தேங்கிப் பலகைக்கு அடியால் உள்ளே போகிறது. அடிப்பலகையின் கீழ்விளிம்பில் மண்ணிறக் கோடு ஒன்று ஓடியிருக்கும். ஆணித்தலைகளைச் சுற்றிக் கறுப்பு வட்டம் இருக்கும். ஸ்குரூட்ரைவர் முனையை வைத்து அமுக்கிப் பாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும். நைந்த மரத்தில் முனை சத்தமில்லாமல் இறங்கும், இழுத்தால் ஈரத்தூள் கூடவே வரும். அந்த அளவுக்குப் போயிருந்தால் அந்த அடிச்சட்டத் துண்டை மாற்றவேண்டியதுதான். போகாவிட்டால், நீண்டு நிற்கிற கொங்கிறீற் விளிம்பை வெளிப்பக்கம் சரிவாகக் கொத்தி விடுங்கள். இல்லையேல் தகட்டை மடித்து, மேல்மடிப்பு பலகைக்குப் பின்னால் போகும்படியும் கீழ்மடிப்பு கொங்கிறீற்றைத் தாண்டித் தொங்கும்படியும் செருகுங்கள். பலகைக்கு முன்னால் ஒட்டிய தகடு ஒன்றுக்கும் உதவாது.

யன்னலைச் சுற்றி ஒழுகினால் எல்லாரும் சிலிக்கன் ரியூப்போடு வருவார்கள். மேல்விளிம்பிலும் இரண்டு பக்கத்திலும் பூசுங்கள், அடிவிளிம்பை விட்டுவிடுங்கள். எப்படியும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகும், அது வெளியேற வழி வேண்டும். நாலு பக்கமும் அடைத்த யன்னலின் அடிச்சட்டம்தான் முதலில் உக்கும்.

கூரையில் ஒழுகினால் ஆணி எங்கே அறையப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நெளிசீற்றில் ஆணி மேட்டில் இருக்கவேண்டும், பள்ளத்தில் அல்ல. தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். றப்பர் வாஷர் வெயிலில் வெடித்திருந்தால் மாற்றுங்கள். ஒரு சீற் மற்றதன்மேல் ஏறுகிற வாய் வாடைக் காற்றைப் பார்த்திருந்தால் எத்தனை சிலிக்கன் பூசினாலும் நிற்காது, கழற்றித் தென்மேற்குப் பக்கத்திலிருந்து திரும்பப் போட்டு வரவேண்டும். பக்க மடிப்பு ஒன்றரை நெளிவுக்குக் குறையக்கூடாது.

தரை உயரம் பற்றி: 2018 மார்கழி வெள்ளத்தில் உங்கள் வளவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவில் அதை மறந்தவர் இல்லை. அந்தக் கோட்டுக்கு மேலே அடிச்சட்டம் இருக்கட்டும்.

அடிச்சுவரில் மண் கோடு ஏறியிருக்கிறது

கறையான். கோட்டைக் கொஞ்சம் உடைத்து விட்டு மறுநாள் பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். கட்டாவிட்டாலும் போய்விட்டது என்று நினைக்காதீர்கள், வேறு இடத்தால் ஏறியிருக்கும். வீட்டைச் சுற்றி முழுக்கப் பாருங்கள்.

கறையான் வெளிச்சத்தில் நடக்காது, மண்ணிலிருந்து மரத்துக்கு மறைவான பாலம் தேடும். பாலத்தைக் கட்டிக் கொடுப்பது அநேகமாக நாங்கள்தான். சுவரில் சாத்திய விறகு, பூக்கன்றுக்கு அணைத்த மண், மிச்சம் கிடக்கிற மணல் கும்பி, கொங்கிறீற் போட்டபின் கழற்றாமல் விட்ட அடைப்புப் பலகை. அந்தப் பலகை மண்ணுக்குள் கிடந்து விருந்து வைத்து அழைக்கும். எல்லாவற்றையும் அகற்றி, மண்ணுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவில் ஆறு முதல் எட்டு அங்குலக் கொங்கிறீற் விளிம்பு வெறுமையாகக் கண்ணில் படும்படி வையுங்கள். தடுப்பதைவிட ஏறினால் தெரிவதுதான் அதன் பயன். தூண் அத்திவாரமென்றால் ஒவ்வொரு தூணின் தலையிலும் தகட்டுத் தொப்பி, விளிம்பு இரண்டு அங்குலம் நீண்டு கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும்.

கழிவு எஞ்சின் ஒயில் பூசுவது எங்கள் ஊர் வழக்கம். கொஞ்சக் காலம் மணத்தால் விலகும், பிறகு வரும். அதன்மேல் பெயின்ற் பிடிக்காது, மழையில் கழுவுப்பட்டுக் கிணற்றுப் பக்கம் போகும். நான் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. மண்ணுக்கு மருந்து போடுவதென்றாலும் கிணற்றின் தூரத்தைச் சொல்லி, தெரிந்த ஆளைக் கொண்டு செய்யுங்கள்.

வளவில் புற்று இருந்தால் உடைக்க மனமில்லாதவர்கள் இங்கே அதிகம். புதூர் நாகதம்பிரானுக்குப் பொங்குகிற ஊர் இது. உடைக்கவும் வேண்டாம். புற்று எவ்வளவு தள்ளி இருந்தாலும் கறையான் மண்ணுக்கடியால் வரத்தான் போகிறது, ஆகவே காவல் புற்றில் அல்ல, உங்கள் அத்திவார விளிம்பில்.

மண்கோடு இல்லாமல் தூள் மட்டும் விழுந்தால்: மாவுபோல் மெல்லிய தூளும் குண்டூசித் தலை அளவு துளையும் என்றால் உளு. கடுகுபோல் தனித்தனி மணியாகக் கொட்டினால் மண் தேவைப்படாத உலர்மரக் கறையான். அரை அங்குல வட்டத் துளையும் கீழே மரத்தூளும் என்றால் கருவண்டு, பெயின்ற் அடிக்காத கைமரத்தைத்தான் அது தேடும்.

கூரை சத்தம் போடுகிறது, காற்றில் படபடக்கிறது

காலை வெயில் ஏறும்போதும் பொழுது படும்போதும் டிக் டிக் என்று கேட்டால் தகரம் நீண்டு ஒடுங்குகிறது. பயப்பட ஒன்றுமில்லை. வெக்கைக்கு முகட்டுக்குக் கீழே இரண்டு முக்கோணச் சுவரிலும் காற்றுவாய் வைத்து வலை அடியுங்கள். தகரத்துக்கு மேல் கிடுகு போட்டால் நன்றாகக் குளிரும், ஆனால் அடுப்புப் புகைபோக்கி பக்கத்தில் இருந்தால் வேண்டாம்.

காற்றில் படபடத்தால் அன்றைக்கே பாருங்கள். மரவீடு பாரமில்லாதது, புயலில் கூரை அதை மேலே இழுக்கும். 2020 மார்கழியில் புரெவி வடக்கைக் கடந்தபோது இந்தப் பக்கம் பறந்த சீற்றுகளை நினைத்துக்கொள்ளுங்கள். சீற்றிலிருந்து தொடங்கிக் கையால் தடவிக்கொண்டே கீழே வாருங்கள். சீற் சிலாகையோடு, சிலாகை கைமரத்தோடு, கைமரம் மேற்சட்டத்தோடு, சுவர் அடிச்சட்டத்தோடு, அடிச்சட்டம் கொங்கிறீற்றோடு. ஏதாவது ஓரிடத்தில் சரித்து அறைந்த ஆணி மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் குறை அங்கே. கைமரத்துக்கு மேலால் சுற்றி வருகிற நாகம் (சிங்க்) பூசிய தகட்டுப் பட்டியை இரண்டு பக்கமும் அறையுங்கள்.

ஆணியைச் சுற்றிக் கறுப்பு வழிகிறது

சாதாரண இரும்பாணி. முல்லைத்தீவுக் கரையோரம் உப்புக்காற்றில் இது சீக்கிரம் வரும். பச்சைச் சாயல் உள்ள மருந்தடித்த மரம் என்றால் கரையில்லாத ஊரிலும் வரும், மருந்தில் உள்ள செம்பு இரும்பைத் தின்னும். சூடாக நாகத்தில் தோய்த்த ஆணியோ துருவேறா உருக்கோ போட்டு மாற்றுங்கள்.

அந்தப் பச்சைச் சாயல் மரத்தின் வெட்டுத் துண்டுகள் வேலை முடிவில் கும்பியாகக் கிடக்கும். அம்மாமார் விறகுக்கு நல்லதென்று குசினிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். செம்பும் குரோமியமும் ஆசனிக்கும் சேர்ந்த மருந்தென்றால் புகையும் நஞ்சு, சாம்பலும் நஞ்சு. அந்தச் சாம்பலால் பாத்திரம் துலக்கவோ கத்தரிக்கு எருவாகப் போடவோ கூடாது. அரிதூளைப் படங்கில் பிடித்து ஒதுக்கிவிடுங்கள், ஆட்டுக்கொட்டிலுக்குப் பரப்பவேண்டாம். நீளமான துண்டென்றால் வேலிக்கட்டைக்கு ஆகும். வெட்டிய முனையில் மருந்து பூசி, அந்த முனை மேலே வர நடுங்கள்.